"கேத்தியும் மலைக்குக் கிழக்கேதானே சார்?" – மழை மறைவுப் பகுதி பற்றி ஒரு மாணவி கேட்ட கேள்வி

#1 · உடுமலை வாத்தியார்

வணக்கம். உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் காலநிலையைத் தீர்மானிக்கும் காரணிகள் நடத்தினேன். அட்சம், உயரம், கடலிலிருந்து தூரம், மலை, காற்று என்று வரிசையாகக் கரும்பலகையில் எழுதிவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு முக்கோணமாக வரைந்தேன். மேற்கே கேரளா, மழை. கிழக்கே நாம், மழை மறைவுப் பகுதி. இருபது வருடமாக இதே படம்தான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். "சார், எங்க சித்தி ஊரு நீலகிரியில கேத்தி. அதுவும் மலைக்குக் கிழக்குப் பக்கம்தானே? நான் சின்னக் குழந்தையா இருக்கறதுக்கும் முன்னாடி அங்க ஒரே ராத்திரியில மழை கொட்டி வீடெல்லாம் மண்ணுல புதைஞ்சிருச்சுன்னு சித்தி சொல்லும். மறைவுன்னா எப்படி சார் அவ்வளவு மழை?"

அது வடகிழக்குப் பருவமழை என்றேன். உடனே அடுத்த கேள்வி: "அப்போ அந்த மாசத்துல கேரளாதான் மறைவா சார்?"

மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், என் படத்தில் காற்றுக்கு அம்புக்குறி போட்டேனே தவிர மாதம் போடவில்லை என்று உறைத்தது. அரைகுறையாகச் சொல்லி அந்தப் பிள்ளையை உட்கார வைக்க மனமில்லை. இங்கே வானிலை கவனிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். விளக்குங்கள்.

#2 · கொங்குக்காற்று

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து வருகிறது, மேற்குச் சரிவு நனைகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்கிலிருந்து வருகிறது, கிழக்குச் சரிவு நனைகிறது. கேத்தி கிழக்குச் சரிவு. கேரளா அப்போது மறைவு. சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். இதில் குழப்பம் எங்கே சார்?

#3 · கேத்திப் பள்ளத்தாக்கு

நான் அந்த ஊர்க்காரன். அது 2009 நவம்பர் 10. கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பதிவானது. கோயம்புத்தூருக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே 600, 700 மி.மீ.தான் என்று நினைத்துப் பாருங்கள். நீலகிரியில் அந்த மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கேரட், உருளைக்கிழங்கு போட்டிருந்த மேட்டுத் தோட்டங்கள் சேறாக இறங்கி வந்ததை நான் கண்ணால் பார்த்தவன். சத்தம்தான் இன்னும் காதில் நிற்கிறது. இடி மாதிரி தொடங்கும், ஆனால் நிற்காது.

அதே நீலகிரியில் 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. பெய்தது. கேத்திக்கும் அவலாஞ்சிக்கும் நேர்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். அவலாஞ்சி மிதந்த அன்று குன்னூர், கோத்தகிரி பக்கம் அதோடு ஒப்பிட்டால் சொற்பம்தான். கேத்தி மிதந்த அன்று மேற்கே கூடலூர்ப் பக்கம் அந்த அளவு இல்லை.

எங்கள் ஊரில் பெரியவர்கள் இதைப் பருவம் என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். மேற்கே இருட்டினால் அவலாஞ்சி, மேல்பவானிக்கு. கிழக்கே குன்னூர்ப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தால் நமக்கு. அவ்வளவுதான். மேட்டுப்பாளையம் மலை ரயில் ஏறும் பாதையைப் பாருங்கள். 326 மீட்டரில் தொடங்கி 2203 மீட்டர் வரை ஏறுகிறது. கிழக்குக் காற்றும் அதே பாதையில்தான் ஏறுகிறது. அதனால்தான் அந்த ரயில் பாதையில் மண் சரிவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்.

உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள், அவள் சித்தி சொன்னது உண்மை என்று.

#4 · உடுமலை வாத்தியார்

ஐயா, படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்ய முடியவில்லை. நாளைக்கு வகுப்பில் முதலில் இதைத்தான் சொல்வேன். இரண்டு ஊர், இரண்டு தேதி, ஒரே மலை. என் முக்கோணத்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் கொங்குக்காற்று கேட்டாரே, குழப்பம் எங்கே என்று. குழப்பம் இதுதான். நாங்கள் உடுமலையில் இருக்கிறோம். ஆனி, ஆடியில் எங்களுக்கு மழை இல்லை. ஆனால் காற்று அப்படி அடிக்கிறது, குளுகுளு என்று இருக்கிறது. மறைவுப் பகுதி என்றால் காற்று இறங்கும்போது சூடாகும் என்று புத்தகம் சொல்கிறதே? பிள்ளைகள் அடுத்து இதைக் கேட்பார்கள்.

#5 · வானம்பார்த்தவன்

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் போல இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மலை ஏறி இறங்கும் காற்றின் கணக்கு. கேரளக் கடலோரத்தில் 28 டிகிரியில் ஒரு காற்று கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே ஏறினால் அழுத்தம் குறையும், காற்று விரியும், குளிரும். மேகம் பிடிக்கும்வரை ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறையும். 500 மீட்டரில் மேகம் பிடித்தால் அப்போது 23 டிகிரி. அதற்கு மேல் ஏறும்போது நீராவி துளியாக மாறுகிறது. நீராவி தனக்குள் வைத்திருந்த வெப்பத்தை அப்போது காற்றிடமே விட்டுவிடும். அதனால் குளிர்வது மெதுவாகிறது, 100 மீட்டருக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல். 2000 மீட்டர் உச்சியில் ஏறக்குறைய 15 டிகிரி. ஈரமெல்லாம் மேற்குச் சரிவில் மழையாகப் போய்விட்டது.

இனி இறக்கம். இப்போது மேகம் இல்லை, காய்ந்த காற்று. 100 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் சூடாகும். 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு கொங்கு ஊருக்கு வந்து சேரும்போது 31 டிகிரி. கடல் மட்டத்துக்கே இறங்கினால் 35. கிளம்பியது 28, வந்தது 35. நடுவே எந்த அடுப்பும் இல்லை. ஏறும்போது மழை விட்ட வெப்பம்தான் இறங்கும்போது நம் முகத்தில் அடிக்கிறது. ஜூன், ஜூலையில் மதுரையும் திருநெல்வேலியும் கொதிப்பதற்கு வெயிலோடு இதுவும் ஒரு காரணம்.

சரி, உடுமலை ஏன் கொதிக்கவில்லை? ஏனென்றால் உங்களுக்கு வரும் காற்றில் பெரும்பகுதி மலை ஏறியே வரவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகலமான ஒரு வாசல். அதன் தரை 150 மீட்டர் உயரம்கூட இருக்காது. காற்றுக்கு ஏற வேண்டிய அவசியமே இல்லை. ஏறாததால் குளிர்ந்து துளியாகவில்லை, அதனால் மழை இல்லை. இறங்காததால் சூடாகவும் இல்லை. கேரளத்தின் ஈரத்தையும் மேகத்தையும் அப்படியே தூக்கிக்கொண்டு, வாசலில் நெருக்கப்பட்டு வேகமெடுத்து வருகிறது. மேகம் வெயிலை மறைக்கிறது. கோவைக்கும் மதுரைக்கும் ஆடி மாதப் பகல் வெயிலில் ஐந்து டிகிரியாவது வித்தியாசம் இருக்கிறதென்றால், அதில் ஒரு பாதி கோவையின் உயரம், மறுபாதி இந்தக் கணவாய்.

காற்று இருக்கிறது, குளிர்ச்சி இருக்கிறது, மழை இல்லை. இந்த மூன்றையும் சேர்த்து விளக்கும் ஒரே விஷயம் அந்த இடைவெளிதான்.

#6 · கொங்குக்காற்று

மழையே இல்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. பொள்ளாச்சிக்கு ஆனி, ஆடியில் நல்ல மழை உண்டு. எங்கள் தென்னந்தோப்பு அதை நம்பித்தான் இருக்கிறது. கணவாய் வழியாகத்தானே வருகிறது அந்த மழை?

#7 · வானம்பார்த்தவன்

சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன், நீங்கள் சொல்வது சரி. கணவாயின் வாயிலேயே இருப்பவர்களுக்கு, வாளையார், பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம், மழை உண்டு. மலையின் ஓரத்தில் மோதி ஏறும் மேகம் சரிந்து அங்கே விழுகிறது. கிழக்கே போகப் போக அது தூறலாகி, பல்லடம் தாண்டுவதற்குள் வெறும் காற்றாகிவிடும். பொள்ளாச்சியில் தென்னை, பல்லடத்தில் காற்றாலை. சாலையில் போகும்போதே எல்லை தெரியும்.

#8 · தென்காசிச் சாரல்

எங்க ஊரச் சொல்லாம விட்டுட்டீங்களே அண்ணாச்சி! செங்கோட்டைக் கணவாயும் இதே கததான், கொஞ்சம் சின்னது. ஆனி பொறந்தா சாரல். குற்றாலத்துல நின்னா மழையும் இல்லாம வெயிலும் இல்லாம, பன்னீர் தெளிச்ச மாதிரி இருக்கும். மேகம் கேரளா பக்கம் கொட்டிட்டு, மிச்சத்த முகட்டுக்கு மேலால தூக்கி இங்கிட்டு எறியுது. சிற்றாறு மேல நிறைஞ்சு அருவி விழுது.

ஆனா தென்காசியில இருந்து பஸ் ஏறி சங்கரன்கோவில் போனீங்கன்னா, ஒரு மணி நேரத்துல கரிசக்காடு, புழுதிக்காத்து. எங்க தாத்தா மாடு வாங்க அங்க போவாரு. ஆடி மாசம் இங்க சட்ட நனைஞ்சு கிளம்பி அங்க காஞ்சு எறங்குவோம்னு சொல்வாரு. மழை மறைவுன்னா என்னன்னு நான் புத்தகத்துல படிக்கல, அந்த பஸ்ஸுலதான் படிச்சேன்.

இன்னும் தெக்க ஆரல்வாய்மொழி. அங்கயும் மலையில ஒரு இடைவெளி. முப்பந்தல் காத்தாடி எல்லாம் ஏன் அங்க நிக்குதுன்னு வாத்தியார் பிள்ளைகள்ட்ட கேக்கலாம். வரைபடத்துல காத்தாடி எங்க எங்க இருக்குன்னு புள்ளி வெச்சா, மலையில எங்க எங்க ஓட்டை இருக்குன்னு தானா தெரிஞ்சுரும்.

#9 · உடுமலை வாத்தியார்

காற்றாலைப் புள்ளி யோசனை அருமை! எங்கள் பிள்ளைகள் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்ப்பதே காற்றாலைகளைத்தான். அட்டையில் வரைபடம் ஒட்டிப் புள்ளி வைக்கச் சொல்லப்போகிறேன்.

#10 · உப்பளம்

எல்லோரும் மலைக்காரர்களாகப் பேசுகிறீர்கள். தூத்துக்குடியிலிருந்து ஒரு சொல். எங்களுக்கு மேற்குக் காற்றும் மழை தருவதில்லை, கிழக்குக் காற்றும் சென்னைக்கு, நாகைக்குத் தருவதுபோலத் தருவதில்லை. இரண்டு பருவத்துக்கும் மறைவு என்று சொல்லலாமா? என் அம்மா, அம்மாவின் அம்மா எல்லோரும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். மழை இல்லாத கடற்கரை என்பதுதான் எங்கள் ஊருக்கு உப்பைக் கொடுத்தது. வெயிலும் வறண்ட மேற்குக் காற்றும் சேர்ந்து பாத்தியை வற்றவைக்கும். கால் வெடித்து, கண் கூசி அவர்கள் சம்பாதித்தது எங்கள் படிப்பு.

கேள்வி என்னவென்றால், கடலை ஒட்டி இருந்தும் எங்களுக்கு ஏன் மழை குறைவு? "கடலுக்கு அருகில் இருந்தால் ஈரம்" என்று பாடத்தில் இருக்கிறதே.

#11 · வானம்பார்த்தவன்

கடலுக்கு அருகில் இருப்பது ஈரத்தைத் தரும். அதாவது புழுக்கத்தைத் தரும். ஈரம் மழையாக வேண்டுமானால் காற்று மேலே ஏற வேண்டும், அதற்கு மலையோ, காற்றழுத்தத் தாழ்வோ, இரண்டு காற்று மோதும் இடமோ வேண்டும். தூத்துக்குடி சமதளம். மழை கொண்டுவரும் தாழ்வுகள் பெரும்பாலும் வங்கக்கடலில் உருவாகி வடதமிழகம், ஆந்திரம் பக்கம் போகின்றன. உங்களுக்குக் கிழக்கே திறந்த கடல் இல்லை, மன்னார் வளைகுடா. அதற்கு அப்பால் இலங்கை. வடகிழக்கிலிருந்து வரும் காற்று உங்களை அடைவதற்கு முன்பே நிலத்தின் மேலோ இலங்கையின் மேலோ ஒருமுறை கடந்து வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையோ மேற்கே அகத்தியமலைத் தொடர் சுவராக நிற்கிறது.

சென்னையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கடற்கரை நகரம். ஆனால் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அன்று கடல் எங்கே போயிற்று? அங்கேயேதான் இருந்தது. மேற்கிலிருந்து வந்த வறண்ட நிலக்காற்று கடல்காற்றை உள்ளே வரவிடவில்லை. கடலுக்கு எவ்வளவு தூரம் என்பதைவிட, அந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

#12 · உப்பளம்

நன்றி. ஆனால் 2023 டிசம்பரை என்ன சொல்வீர்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்களுக்கு ஒரு வருடம் முழுவதும் பெய்வதைவிட அதிகம். உப்பளங்கள் கடலோடு கடலாகிப்போயின. குவித்து வைத்திருந்த உப்பு கரைந்தது. ரயில்கூட நடுவழியில் நின்றது.

#13 · வானம்பார்த்தவன்

அன்று குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அதாவது தரைக்கு மேலே உயரத்தில் சுழலும் காற்று, நின்றது. செய்தியில் தினம் கேட்கும் சொல்தான், ஆனால் அன்று அது நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. அதனால் ஈரமான கிழக்குக் காற்று தூத்துக்குடி, திருநெல்வேலி மேல் இடைவிடாமல் வந்து குவிந்தது. மேற்கே அதே அகத்தியமலை. ஆடி மாதம் உங்களுக்கு மழையை மறைத்த அந்தச் சுவர், மார்கழியில் காற்றைத் தடுத்து நிறுத்தும் சுவராகிவிட்டது. மலைமேல் மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கில் கொட்டிய மழை தாமிரபரணியில் சேர, கீழே பெய்ததும் சேர, வெள்ளம் இரண்டு பக்கமிருந்தும் வந்தது.

சராசரி மழை குறைவான ஊர் என்றால் பெருமழை வராது என்று பொருளில்லை. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் பட்டவர்.

#14 · பச்சைக்கரை

மலை மலை என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். மரத்தை யாரும் பேசவில்லையே! காட்டை அழித்துத் தேயிலையும் தைலமரமும் வைத்ததால்தானே மழை போயிற்று? என் ஊர் பெரியவர்கள் எல்லோரும் சொல்வது அதுதான்.

#15 · கொங்குக்காற்று

மரம் வைத்தால் மழை வரும் என்பது நல்ல எண்ணம். ஆனால் மழை வருவது கடலிலிருந்து. மலையை வெட்ட முடியாதவரை மழை எங்கே விழும் என்பது மாறாது. காடு மழையைக் கொண்டுவருவதில்லை, பெய்த மழையைப் பிடித்து வைக்கிறது.

#16 · வானம்பார்த்தவன்

கொங்குக்காற்று, நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 2018-இல் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் பெய்யும் மழைக்கான ஈரத்தில் கணிசமான பங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வெளிவிடும் நீராவியிலிருந்து வருகிறது என்று கணித்தது. மலையைத் தாண்டும்போது காற்று காய்ந்துவிடுகிறது அல்லவா? அந்தக் காய்ந்த காற்றுக்குக் காடு மறுபடி கொஞ்சம் ஈரம் ஊட்டி அனுப்புகிறது. கடல்தான் மூலம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மறைவுப் பக்கத்தில் இருக்கும் நமக்கு அந்த இரண்டாம் கை ஈரம் பெரிய விஷயம். மேற்குச் சரிவில் இருப்பவர்களைவிடக் காடு நமக்குத்தான் அதிகம் தேவை.

அதோடு நீலகிரியின் சோலைக்காடும் புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்து மாதக்கணக்கில் கசியவிடுவதும் உண்மை. பெரியவர்கள் ஓடை வற்றியதைப் பார்த்துத்தான் மழை போயிற்று என்று சொல்லியிருப்பார்கள்.

#17 · பச்சைக்கரை

ஓடை வற்றியதுதான் முதலில் நடந்தது. ஆம். எங்கள் பாட்டி சொல்வது அந்த ஓடையைத்தான்.

#18 · ஊவாத் தேயிலை

வணக்கம். நான் இலங்கை, பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். கேத்தி அண்ணன் எழுதினதைப் படித்ததும் எங்கட மலைநாட்டைப் படித்த மாதிரி இருந்தது. எங்களுக்கும் நடுவில ஒரு மலை, இரண்டு பக்கம் இரண்டு மழை.

வைகாசியில இருந்து ஹட்டன், நுவரெலியா பக்கம் விடாமல் மழை. அதே நேரம் நாங்கள், பதுளை, பண்டாரவளை, வெலிமடை, காய்ந்து கிடப்போம். காத்து மட்டும் தகரக் கூரையைப் பிடுங்குற மாதிரி அடிக்கும். மலையை விட்டு இறங்கி மட்டக்களப்புக்குப் போனால் அதுக்குப் பேர் கச்சான் காத்து. வறண்டு, சுட்டு, உதடு வெடிக்கும். மேலே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினாரே, கிளம்பினது 28, வந்தது 35 என்று. மட்டக்களப்பு ஆட்களுக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை, தோலிலேயே தெரியும்.

தேயிலையில் இன்னொரு விஷயம் இருக்கு. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் காய்ந்த காத்தில் கொழுந்து மெதுவாக வளரும், அப்போது பறிக்கிற எங்கட ஊவா மாகாணத் தேயிலைக்குத்தான் வாசனை அதிகம். ஏலத்தில நல்ல விலை. மேற்குப் பக்கத் திம்புளைக்கு அந்தக் காலம் ஜனவரியில இருந்து மார்ச் வரை, ஏனென்றால் அப்போது மறைவு அவர்களுடைய பக்கம். ஒரே தீவு, ஒரே செடி. எந்தப் பக்கம் எப்போது காய்கிறது என்பதைக் கோப்பையில் குடித்தே சொல்லலாம்.

என் அம்மா கொழுந்து பறித்தவ. அந்த மாதங்களில் செடியில் கொழுந்து கம்மி, கூலிக்கு வேண்டிய நிறை காணாது. விலை கூடினது தேயிலைக்கு, அம்மாவுக்கு இல்லை. அதையும் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

#19 · உடுமலை வாத்தியார்

அம்மா, அந்தக் கடைசி இரண்டு வரியையும் வகுப்பில் சொல்லலாமா? புவியியல் புத்தகத்தில் இருக்க வேண்டிய வரி அது.

#20 · ஊவாத் தேயிலை

தாராளமாகச் சொல்லுங்க சார்.

#21 · உடுமலை வாத்தியார்

இன்னும் ஒன்று பாக்கி. என் மாணவியின் இரண்டாவது கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் கேரளாதான் மறைவா? #2-இல் ஆம் என்று பதில் வந்தது. எல்லோரும் ஒத்துக்கொள்கிறீர்களா?

#22 · தென்காசிச் சாரல்

இல்லவே இல்ல. கேரளாவுல புனலூர்ல எங்க அத்த வீடு இருக்கு. ஐப்பசி சாயங்காலம் ஆனா இடியும் மின்னலும் அப்படி வெட்டும். அங்க அதுக்குத் துலாவர்ஷம்னு பேரே இருக்கு.

#23 · வானம்பார்த்தவன்

அதேதான். கேரளத்தின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை, மொத்தக் கணக்கில் தமிழ்நாட்டுக்குச் சளைத்ததல்ல. ஆக, கண்ணாடியில் பார்த்ததுபோல இரண்டு பக்கமும் மாறிக்கொள்வதில்லை.

காரணம் மூன்று என்று நினைக்கிறேன். கேரளத்துக்கு மேற்கே கடல் அப்போதும் அங்கேயே இருக்கிறது. பகலில் கடல்காற்று உள்ளே வருகிறது. மலையின் குறுக்கே வரும் கிழக்குக் காற்றும் இந்தக் கடல்காற்றும் சரிவில் சந்திக்கின்றன, பிற்பகலில் மேகம் குவிந்து இடியோடு கொட்டுகிறது. இது வெப்பச்சலன மழை, அதாவது தரை சூடாகிக் காற்று மேலெழுந்து பெய்யும் மழை, மலை ஏறிப் பெய்யும் மழையல்ல. இரண்டாவது, வடகிழக்குப் பருவத்துக் காற்று ஆனி, ஆடிக் காற்றைப்போல வலுவாக, நாள்கணக்கில் ஒரே திசையில் தள்ளுவதில்லை. வலுவில்லாத காற்றுக்கு மறைவும் வலுவாக இருக்காது. மூன்றாவது, தெற்கே நிற்கும் சுழற்சிகளும் தாழ்வுகளும் மலையின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மழை தருகின்றன.

தமிழ்நாட்டின் மறைவு உறுதியானது, ஏனென்றால் நான்கு மாதம் பலமான காற்று. கேரளத்தின் மறைவு பாதி மறைவுதான். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு "ஆம்" என்பதும் தப்பு, "இல்லை" என்பதும் தப்பு. அதனால்தான் நல்ல கேள்வி.

#24 · கொங்குக்காற்று

#2-இல் நான் சட்டென்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வாத்தியார் ஐயா, உங்கள் மாணவியிடம் என் சார்பாகவும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட நல்ல சாட்சி திருமூர்த்தி அணை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில், மலைக்கு மேற்கே அரபிக்கடல் பக்கம் ஓடவேண்டிய தண்ணீரைச் சுரங்கமும் கால்வாயும் வெட்டிக் கிழக்கே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். மறைவுப் பகுதிக்கு மழை வரவில்லை, மழை பெய்த தண்ணீர் மலையைத் துளைத்துக்கொண்டு வருகிறது. தேனி பக்கம் 1895-லேயே முல்லைப் பெரியாறு இதைச் செய்தது. வாய்க்காலில் குளிக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீர் எங்கே பெய்தது என்று தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

#25 · உடுமலை வாத்தியார்

இன்று வகுப்பு முடிந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

முக்கோணத்தை அழித்துவிட்டு, நீலகிரியையும் ஆனைமலையையும் நடுவில் ஒரு வாசலோடு வரைந்தோம். காற்றாலைகளுக்குச் சிவப்புப் புள்ளி. கேத்தியில் 2009 நவம்பர், அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட். பண்டாரவளை அம்மாவின் கதையைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அம்மாக்கள் தோட்டவேலைக்குப் போகும் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். வாய்க்கால் தண்ணீர் எங்கே பெய்தது என்று கேட்டபோது ஒருவன் "அணையில சார்" என்றான். மலைக்கு அந்தப் பக்கம் என்றதும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் மலையைப் பார்த்தான்.

கேள்வி கேட்ட பிள்ளை கடைசியில் கேட்டது: "சார், நம்ம ஊருல எவ்வளவு பெய்யுதுன்னு நாமளே அளக்கலாமா?" மூன்று பேருக்கு வால்பாறையில் உறவினர் இருக்கிறார்கள், அவளுக்குக் கேத்தியில் சித்தி. அங்கேயும் வைக்கலாம் என்கிறார்கள். கடையில் வாங்க வசதியில்லை. எப்படிச் செய்வது?

#26 · கேத்திப் பள்ளத்தாக்கு

சித்தி வீட்டில் வைக்க நான் போய் உதவுகிறேன். எந்த வீடு என்று இங்கே போட வேண்டாம், தனிச் செய்தியில் சொல்லுங்கள்.

#27 · வானம்பார்த்தவன்

நேரான சுவருள்ள, வாயும் அடியும் ஒரே அகலமான டப்பா போதும். ஒடுங்கிய பாட்டில் வேண்டாம், கணக்குத் தப்பும். உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்தால் அதுதான் மழை. டப்பாவின் அகலம் எவ்வளவாக இருந்தாலும் உயரம் மாறாது, இதை ஏன் என்று பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள். சுவர், மரம் எதுவானாலும் அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்கு டப்பா பறந்துவிடும், சுற்றிலும் கல் அடுக்குங்கள்.

தினமும் காலை 8:30-க்கு அளந்து, எழுதி, கொட்டிவிட வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் அதே நேரத்தில்தான் எடுக்கிறது. மழை இல்லாத நாளில் "0" என்று எழுத மறக்கக் கூடாது. ஆனி, ஆடியில் உடுமலை நோட்டில் அந்தச் சுழியம்தான் வரிசையாக வரும். அதே தேதிக்கு வால்பாறை நோட்டைப் பக்கத்தில் வையுங்கள்.

#28 · உடுமலை வாத்தியார்

8:30-க்குள் வந்துவிடுகிறேன் என்று ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதல் பெயர் யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.